ஆறாவது ஓட்டை

2019 டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை. விடிவதற்கு முன்பே எழுந்து தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். கொஞ்சம் தாமதித்தாலும் கீழ்வீட்டார் முந்திக்கொள்வார்கள், பிறகு மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. தொட்டி நிறைந்ததும் விளக்கேற்றினேன். மாமாவுக்குச் சீனி குறைத்துத் தேநீர் போட்டேன். தெருவில் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிற அம்மாள் பானையைத் திறந்ததும் பால்கனியிலிருந்து மணி கட்டிய கயிற்றில் தூக்குவாளியை இறக்கி, நிரம்பியதும் மேலே இழுத்துக்கொண்டேன். ரங்கூனின் பபேடானில் எங்கள் தெருவில் பாதி வியாபாரம் இப்படிக் கயிற்றில்தான் நடக்கிறது. சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன். இவ்வளவும் அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது. இதே வரிகள் முந்தின நாளிலும் இருக்கின்றன.

போட்டாதாங்கில் சரக்கு கிளியரிங் செய்யும் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அன்று விடுப்பு எடுத்திருந்தேன். மறுநாள் காலை வீட்டுக்கு ஒரு விருந்தாளி வருவதாக இருந்தது. சயாமிலிருந்து ஒரு பெண்மணி. என்னைப் பார்க்க இல்லை, மாமாவைப் பார்க்க.

மாமா என்பது என் மாமனார். அவருடைய அப்பா தமிழர், அம்மா பர்மியப் பெண். இளமையில் துறைமுகத்தில் காவல் வேலை பார்த்தவர். அங்கேதான் கைத்துப்பாக்கி பழகினார். அறுபதுகளின் தொடக்கத்தில் அக்கம்பக்கத்து நாடுகள் சேர்ந்து இந்த ஊரில் விளையாட்டுப் போட்டி நடத்தியபோது, துப்பாக்கி சுடும் பந்தயத்தில் நம் பர்மாவுக்காக நின்றார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. அணியினர் ஒரே மாதிரி கோட்டுப் போட்டு எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று மட்டும் வீட்டில் உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகள் அந்தப் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டாள். அதைப் பார்த்துத்தான் சயாம் பெண்மணி அவளுக்கு எழுதினார். அவருடைய அப்பாவும் அதே பந்தயத்தில் சுட்டவர், சமீபத்தில் காலமாகிவிட்டார். வேறு வேலையாக ரங்கூன் வருகிறேன், உங்கள் தாத்தாவைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். 'அப்பா தன்னிடம் இருந்த ஒரு புள்ளி பர்மாக்காரருடையது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்' என்றும் ஒரு வரி இருந்தது. ஏதோ மரியாதைப் பேச்சு என்று நினைத்து நான் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். மாமாவுக்கு அதைப் படித்துக் காட்டவும் இல்லை.

எங்கள் வீட்டில் மாமாவின் துப்பாக்கிப் புகழ் ஒரு கேலிப் பேச்சு. குறிவட்டம் போட்ட ஓர் அட்டைக்கு ஐந்து குண்டு சுட வேண்டும் என்பது பந்தய விதி. ஓர் அட்டையில் மாமாவின் ஐந்தாவது குண்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. நடுவர் அதற்கு சைபர் போட்டார். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த கதை. என் கணவர் கப்பலில் வேலை செய்கிறவர், வருஷத்தில் பாதி நாள் கடலில். லீவில் வரும்போதெல்லாம் தன் அப்பாவை 'காத்தச் சுட்டவர்' என்பார். மாமாவுக்குத் தொலைக்காட்சி ரிமோட்டைச் சாதாரணமாகப் பிடிக்கத் தெரியாது. எழுந்து நின்று, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இடது கையை லுங்கி மடிப்பில் சொருகிக்கொண்டு, பாதி மூச்சு விட்டு, வலது கையை நீட்டி அழுத்துவார். "அப்பா, டிவி சரணடைஞ்சிருச்சு, கைய எறக்குங்க" என்பார் என் கணவர். நானும் சிரித்திருக்கிறேன். என் மகளுக்கும் அந்தச் சிரிப்பைப் பழக்கியவள் நான்தான்.

அவருக்கு வலது காது கேட்காது. அந்தக் காலத்தில் காதுக்கு மூடி கிடையாது, கொஞ்சம் பஞ்சுதான். பக்கத்தில் நின்றவனின் துப்பாக்கி அந்தக் காதைத் தின்றுவிட்டது என்பார். வலப்பக்கம் நின்று யார் எது சொன்னாலும் "ஆமாம்மா" என்று தலையாட்டிவிடுவார். கேட்கவில்லை என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வீட்டிலே பர்மியம் பேசி வளர்ந்த பிள்ளைகள். வகுப்பில் திருத்தித் திருத்தி அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மாமாவின் தமிழ் பாதி பர்மியம். அவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நான் இரண்டு சொல்லைத் திருத்திவிடுவேன். மருமகள் மாமனாருக்குப் பாடம் எடுப்பது மரியாதையா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தமிழுக்குத் தொண்டு செய்வதாக எண்ணியிருந்தேன்.

அன்று காலை விருந்தாளிக்காக முன்னறையை ஒழுங்கு செய்தேன். மரஅலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். பின்னால், பலகைக்கும் சுவருக்கும் நடுவில், நாலாக மடித்த தடித்த காகிதம் ஒன்று செருகியிருந்தது. பழுப்பேறி, அங்கங்கே பொட்டுப் பொட்டாக ஓட்டை. பென்சில் முனை நுழைகிற அளவு. பூச்சி என்றுதான் நினைத்தேன். அலமாரியில் என் பட்டுப்புடவைகள் இருக்கின்றன, பழைய நாட்குறிப்புகள் இருக்கின்றன. எனக்குப் பதறியது.

மாமா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். காகிதத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"மாமா, இது என்ன?"

திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அதுவா... அது பியிட் பண்ண காயிதம்மா. பாத்து, பாத்து."

பியிட் என்பது பர்மியச் சொல். எறிவது, வீசிப்போடுவது. குப்பையைப் பியிட் பண்ணு, பழசைப் பியிட் பண்ணு என்று நாள் முழுக்க இங்கே காதில் விழும். 'பாத்து' என்றது தூசிக்காக என்று எடுத்துக்கொண்டேன். அலமாரிப் பக்கம் திரும்பி, துடைத்துக்கொண்டே, வழக்கம்போலத் திருத்தினேன்.

"எறிஞ்ச காயிதம்னு சொல்லுங்க மாமா. வேண்டாததுன்னு சொன்னாலும் சரி. அப்ப இதப் போட்டுடட்டுமா?"

நான் நின்றது அவருக்கு வலப்பக்கம்.

"ஆமாம்மா" என்றார்.

பழைய செய்தித்தாள்களை நான் எப்போதும் விளிம்பு சேர்த்து, குறுக்கும் நெடுக்குமாக நீலக் கயிறு போட்டுக் கட்டுவேன். மடித்த காகிதத்தை நடுவில் வைத்துக் கட்டினேன். கொஞ்சநேரத்தில் தெருவில் பழைய பேப்பர் எடுக்கிறவளின் குரல் கேட்டது. கட்டை மணிக்கயிற்றில் மாட்டி இறக்கினேன். கீழே அவள் கழற்றிக்கொண்டு கையசைத்தாள். கயிறு வெறுமனே மேலே வந்தது. வேலை சுத்தமாக முடிந்தது என்று எனக்குத் திருப்தி. அலமாரியின் பின்பலகைக்கு மண்ணெண்ணெய்த் துணி போட்டுத் துடைத்தேன்.

சாயங்காலத் தேநீரின்போது மாமாவின் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். அண்டை நாடுகளின் விளையாட்டு அந்த வாரம்தான் இன்னோர் ஊரில் தொடங்கியிருந்தது, தொலைக்காட்சியில் யாரோ நீந்திக்கொண்டிருந்தார்கள். மாமா சத்தத்தைக் குறைத்தார்.

"நாளைக்கு வர்ற அம்மாகிட்ட ஒண்ணு காட்டணும். அதுக்கு முந்தி உங்கிட்ட சொல்லிடறேன். அந்த அஞ்சாவது குண்டு இருக்கே, அது காத்துல போகல."

"பின்ன?"

"பக்கத்துல நின்னவன் சயாம்காரன். இவளோட அப்பன். அவன் அட்டையில ஆறு ஓட்ட இருந்துச்சு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. மாமா கையை நீட்டிக் காட்டினார்.

"எல்லா அட்டையும் ஒண்ணு போல வரிசையா நிக்கும்மா. ஒவ்வொரு குண்டுக்கும் கைய எறக்கிட்டுத் திரும்பத் தூக்கணும். நான் தூக்கறப்போ ஒரு அட்ட தள்ளித் தூக்கிட்டேன். கை ஆடல, மூச்சு ஆடல. நடு மையம். பத்து. அன்னிக்குப் பூரா நான் போட்டதுல அது ஒண்ணுதான் பத்து. ஆனா அவன் அட்டையில."

"அப்ப அது யாருக்கு?"

"அவனுக்குத்தான். எந்த ஓட்ட யாரோடதுன்னு தெரியலன்னா, இருக்கறதுலயே நல்ல அஞ்ச அட்டக்காரனுக்குக் குடுத்துடுவாங்க. எனக்கு சைபர். முடிஞ்சதும் அவன் என்னத் தேடி வந்தான். அவன் பாஷ எனக்குத் தெரியாது, எம் பாஷ அவனுக்குத் தெரியாது. அந்த அட்டைய நாலா மடிச்சு என் கோட்டுக்குள்ள சொருகுனான். நெஞ்சுல ரெண்டு தட்டுத் தட்டிட்டுப் போயிட்டான்."

"இத்தன வருஷமா ஏன் மாமா சொல்லல?"

"பத்துப் போட்டேன்னு சொல்றதா, அடுத்தவன் அட்டையில போட்டேன்னு சொல்றதா? காத்தச் சுட்டவன்ங்கற பேரே தேவலன்னு விட்டுட்டேன்." சிரித்தார். பிறகு தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "காலையில அலமாரிக்குப் பின்னால இருந்து எடுத்தியே, பியிட் பண்ண காயிதம், அத மேசையில விரிச்சு வெச்சிடும்மா. மடிப்பு விடியறதுக்குள்ள கொஞ்சம் படியட்டும்" என்றார்.

துப்பாக்கியால் சுடுவதற்கும் பர்மியத்தில் அதே சொல்தான். பியிட். எறிவதும் அதுதான், சுடுவதும் அதுதான். எனக்குத் தெரியாத சொல் அல்ல. இந்த ஊரில் பிறந்து ஐம்பது வருஷமாகப் பர்மியம் பேசுகிறேன். ஆனால் மாமாவின் பேச்சை நான் கேட்டது திருத்துவதற்காக மட்டும்தான்.

"வைக்கிறேன் மாமா" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது. அதற்கு முன்னால் நடந்தது பிழை. அதை எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் செய்யும். 'வைக்கிறேன்' என்றது பிழை இல்லை.

கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். பேப்பர்க்காரியின் கிட்டங்கி லான்மடாவில் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் என்று தெரியும். அந்த நேரத்தில் பஸ்ஸைவிட நடையே வேகம். கிட்டத்தட்ட ஓடினேன். அவள் வாசலில் முக்காலி போட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். பர்மியத்தில் பேசினோம்; அவளுக்கு நான் 'அமா', அதாவது அக்கா.

"என்ன அமா, இவ்வளவு தூரம்? நிறுவையில ஏமாத்திட்டேன்னு வந்துட்டீங்களா?"

"காலையில குடுத்த கட்டு எங்க?"

"உங்க கட்டு தெரியாதா எனக்கு! ஊர்ல வேற யாரு பழைய பேப்பருக்குப் பொண்ணுக்குப் பின்னல் போடற மாதிரிக் கயிறு போடறாங்க?" உள்ளே போய்க் காட்டினாள். என் நீலக் கயிறு அவிழ்ந்து கிடந்தது. செய்தித்தாள்கள் அடுக்கில் இருந்தன. நடுவில் அந்தக் காகிதம் இல்லை.

"உள்ளுக்குள்ள தடிச்ச அட்டை ஒண்ணு இருந்துச்சே. பழசு. பியிட் பண்ணின அட்டை."

"இங்க வர்றதெல்லாம் பியிட் பண்ணினதுதானே அமா!" என்று அவள் சிரித்தாள். எடை போட்டுக்கொண்டிருந்த அவள் தம்பியும் சிரித்தான்.

நான் விரலைத் துப்பாக்கிபோல் நீட்டிக் காட்ட வேண்டியிருந்தது. நடுவயதுப் பெண், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பேப்பர்க் கிட்டங்கியில் நின்று டுமீல் என்று காட்டினேன்.

"ஐயோ, யாரச் சுட்டது?"

"யாரையும் இல்ல. பந்தயத்துல. என் மாமனார் சுட்டது."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான். "அட்டை வேற விலை, பேப்பர் வேற விலை. பிரிச்சிடுவோம். அட்டை லாரி மத்தியானமே லைங்தாயா காகித ஆலைக்குப் போயிருச்சு. இந்நேரம் தொட்டியில ஊறிக்கிட்டிருக்கும்."

எனக்குக் கூழாக ஊறும் காகிதத்தை நினைக்க முடியவில்லை. அதில் ஓட்டைகள் எங்கே போகும் என்று மட்டும் தோன்றியது.

"பெரியவர் திட்டுவாரா அமா?" என்று கேட்டாள்.

"திட்டமாட்டார்" என்றேன். திட்டுவார் என்றால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்பினபோது மாமா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். படியேறும்போதே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வாக்கியத்தை ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். உள்ளே போய், செருப்பை விட்டு, அவருடைய நாற்காலிக்கு அருகே நின்று சொன்னேன். "மாமா, அந்தக் காகிதம் இல்லை. வேண்டாததென்று நினைத்து நான் எறிந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்." வகுப்பில் வாசிக்கிற மாதிரித் தெளிவான தமிழ்.

"ஆமாம்மா" என்றார் மாமா. எழுந்து, பக்கவாட்டில் திரும்பி, கையை நீட்டி அலைவரிசையை மாற்றினார்.

நான் நின்றது அவருக்கு வலப்பக்கம். தெரியாமல் நின்றேன் என்று எழுத ஆசைதான். வாசலிலிருந்து வந்தால் முதலில் வருவது அவருடைய இடப்பக்கம். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் வலப்பக்கம் நிற்க முடியும். சுற்றிக்கொண்டு போனேன்.

பிறகு முன்னறை மேசையைத் துடைத்து, விருந்தாளிக்கென்று எடுத்து வைத்திருந்த பூத்தையல் போட்ட வெள்ளை விரிப்பை விரித்தேன். செய்கிற வேலையை நிறுத்தினால் யோசிக்க வேண்டியிருக்கும் என்பதற்காக விரித்தேன். மாமா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். விரிப்பைப் பார்த்தார். மேலே உள்ளங்கையால் தடவினார்.

"அடியில வெச்சிட்டியா? நல்லது, நல்லது."

நான் பதில் சொல்வதற்குள், சொல்லியிருப்பேனா என்று தெரியாது, சமையலறைக்குப் போய் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தார். பழைய இரும்புப் பெட்டி, கனமானது. இரண்டு கையாலும் தூக்கி, விரிப்பின் நடுவில், சுருக்கம் விழாமல் வைத்தார். இரண்டடி பின்னால் போய் நின்று மேசையைப் பார்த்தார். பந்தயத்தன்று அட்டையை அப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.

"அவ அப்பன் நல்லவன்மா. பாஷ தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ரெண்டு வார்த்த பேசியிருப்பேன். நாளைக்கு நீ இருக்க, இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்லிடுவ. நீ நல்லாப் பேசுவ" என்றார். படுக்கப் போனார்.

நாட்குறிப்பைத் திறந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம். விலை, வானிலை, வந்தவர் போனவர் எல்லாம் சரியாக இருக்கும். அன்றைய பக்கத்தில் மோட்டார், மொஹிங்கா, அலமாரி, லான்மடா எல்லாம் எழுதி, கடைசி வரியாக இப்படி எழுதினேன்: மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

அந்த வரியில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. படித்துப் பார்த்தேன். எழுத்து வழக்கத்தைவிட நேராக இருந்தது. அந்த வரியை அடிக்கவும் கை வரவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை. இந்தப் புத்தகத்தில் இதற்கு முன்னால் இப்படி எத்தனை வரிகள் நேராக நிற்கின்றனவோ என்ற பயம் வந்தது. மூடி வைத்தேன். மேசைமேல் இஸ்திரிப் பெட்டி தன் பாட்டுக்கு வெறும் பலகையை அழுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை எழுந்ததும் மோட்டார் போடவில்லை. கீழ்வீட்டில் போட்டுவிட்டார்கள், சத்தம் கேட்டது. மாமாவின் அறைக்குப் போனேன். விழித்துத்தான் படுத்திருந்தார். முக்காலியை இழுத்து, அவருடைய இடப்பக்கம் போட்டு, காதுக்கு எட்டும்படி உட்கார்ந்தேன்.

"மாமா, நீங்க பியிட் பண்ணின காயிதத்த நான் பியிட் பண்ணிட்டேன்."

முகட்டைப் பார்த்தார். வலது கை போர்வையிலிருந்து பாதி எழுந்து, திரும்பப் படிந்தது.

"ஆறு ஓட்டையுமா?" என்று கேட்டார்.

"ஆறும்தான் மாமா" என்றேன்.